இரண்டு பேர், ஐந்து வகுப்பு: மனதாரச் சொல்லும் பாராட்டு

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் இந்தப் பருவத்தில் நடக்கும் படிப்பைப் பாராட்டி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். கொத்தமங்கலம், சேந்தன்குடி, பனங்குளம், குளமங்கலம், மேற்பனைக்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு தொடக்கப் பள்ளி கண்ணில் படும். அவற்றில் ஓர் ஈராசிரியர் பள்ளியின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர் யாரும் பாராட்டாமல் திரும்ப முடியாது. யார் யாரைப் பாராட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

முதல் பாராட்டு பிள்ளைகளுக்கு.

முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கப் பழகுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கடன் வாங்கிக் கழிக்கிறது, வாய்பாடு சொல்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறது. 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அவரவர் எட்டிய நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பறையில் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம் என்று மூலைக்கு மூலை ஒரு வேலை இருக்கிறது. மல்லிகையும் முல்லையும் விளையும் ஊரில் அரும்பு எது, மொட்டு எது என்று பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. அவர்களுடைய அம்மாக்கள் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூப்பறிக்கப் போகிறவர்கள்.

மூன்று வகுப்பும் பெரும்பாலும் ஒரே அறையில். இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் கைதட்டி உரக்கப் பாடுகிறார்கள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பெண் அந்தச் சத்தத்துக்கு நடுவே பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்கி, மேலே திருத்தி எழுதி, கழித்து முடிக்கிறாள். முடித்ததும் ஆசிரியர் வரும்வரை சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் திணறும் இரண்டாம் வகுப்புப் பையனின் நோட்டை இழுத்துப் பார்க்கிறாள், தப்பைச் சுட்டுகிறாள், சரிசெய்ய வைக்கிறாள். எட்டு வயதில் இந்த மனஒருமையும் பொறுப்பும் வாய்த்த பிள்ளைகளை எந்தப் பெரிய பள்ளியிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். தனக்கு மட்டும் ஓர் ஆசிரியர் கிடைக்க மாட்டார் என்பதை அந்தப் பெண் முதல் வகுப்பிலேயே புரிந்துகொண்டுவிட்டாள். அதற்கேற்பத் தன்னைத் தயார் செய்துகொண்டாள்.

இரண்டாவது பாராட்டு ஆசிரியர்களுக்கு.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை எடுத்துக்கொள்வார். மற்றவர் நான்கும் ஐந்தும் பார்ப்பார். தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லா வகுப்புக்கும் உண்டு. சின்ன வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல், பெரிய வகுப்புகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும். எல்லாம் அந்த இரண்டு பேர்தான். ஒருவர் தலைமையாசிரியராகவும் இருப்பதால் பதிவேடு, சத்துணவுக் கணக்கு, காலை உணவு, விலையில்லாப் பொருள் விநியோகம், செயலியில் வருகைப்பதிவு, இணையத்தில் மாணவர் விவரம் எல்லாம் அவர் பொறுப்பு.

2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு, 200 வரை ஐந்து என்கிறது. தனித் தலைமையாசிரியர் வேண்டுமானால் பிள்ளைகள் 150-ஐத் தாண்ட வேண்டும். அதே அட்டவணை ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு ஒன்று இதில் இருக்கிறது. இரண்டு ஆசிரியர்களிடம் ஆண்டுக்கு இருப்பது 1,600 மணி நேரம். ஐந்து வகுப்புக்குப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு 320 மணி நேரம், நாளொன்றுக்கு 96 நிமிடம். ஐந்து பாடமுள்ள வகுப்புக்குப் பாடத்துக்குப் பத்தொன்பது நிமிடம். வகுப்புகளைச் சேர்த்து நடத்தினால் கொஞ்சம் கூடும். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ வட்டார வள மையத்துக்கோ போன நாளில் 96 பாதியாகும். மீதி நேரத்தில் பிள்ளை தானே படித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் ஒரு பாடத்தைப் புரியவைத்து, பயிற்சி கொடுத்து, நோட்டையும் திருத்துகிறவரை என்ன சொல்லிப் பாராட்டுவது? ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ஒரு வகுப்பை நடத்தத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றை ஒன்றாக நடத்தும் வித்தையை அவர் சொந்தமாகக் கற்றுக்கொண்டார்.

அவர் கற்றது அது ஒன்றுதானா? 2007-ஐ ஒட்டி மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகள், ஏணிப்படி, சுவரோரம் கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல். ராப்பகலாக உட்கார்ந்து அட்டை அடுக்கினார்கள். 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. பழைய அட்டைகளைக் கட்டிவைத்துவிட்டுப் புதியதைக் கற்றார்கள். 2018-லும் 2019-லும் பாடநூல்கள் மாறின. பள்ளிகள் கொரோனாவில் மூடி, 2021 நவம்பர் 1-ஆம் தேதி சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தபோது, ஒன்றாம் வகுப்பையே பார்க்காத பிள்ளை இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த ஆண்டே எண்ணும் எழுத்தும். பொம்மலாட்டம் கற்றார்கள், வேடம் போட்டார்கள், ஆடிப் பாடினார்கள். ஒவ்வொரு முறையும் பருவத்துக்குப் பருவம் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். இத்தனை முறை மாறிய திட்டங்களில் ஒன்றுகூட ஆசிரியரின் எண்ணிக்கையை மாற்றவில்லை. மாற்றமெல்லாம் அந்த இரண்டு பேருக்குள்ளேயே நடந்து முடிந்தது. அவர்களுடைய வளைந்துகொடுக்கும் குணம் உண்மையிலேயே பெரியது.

கோடை விடுமுறையிலும் அவர்களுக்கு வேலை உண்டு. வெயிலில் தெருத் தெருவாக, வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்கிறார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி கணக்கெடுப்பில் எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று சொல்லிப் பணிநிரவலில் ஒருவரை எடுத்துவிடுவார்கள். 61-ஆவது பிள்ளைக்காக ஓர் ஆசிரியர் எத்தனை வீட்டுப் படி ஏறுகிறார் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது பாராட்டு, சம்பளம் என்று சொல்ல முடியாத தொகைக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத் தொண்டர்கள் காசு வாங்காமல் ஊர் ஊராகப் போய் எழுத்தறிவித்தார்கள். கல்குவாரிப் பெண்களும் வயற்காட்டுப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். இந்த மாவட்டத்தின் பெயர் அன்று உலகம் வரை போனது. அன்று அரிக்கேன் விளக்கில் கையெழுத்துப் பழகிய பெண்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அரும்பிலும் மொட்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். 2021 அக்டோபரில் மாநில அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியபோது அதே ஊர்களின் படித்த பெண்கள் மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பூக்கட்டினாலே அதைவிடக் கூடக் கிடைக்கும். தெரிந்தே வந்தார்கள்.

2022-இல் மாநிலம் முழுவதும் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு அனுமதி வந்தது. அதில் 4,989 இடைநிலை ஆசிரியர் இடங்கள். மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்த பின் உயர்த்தினார்கள். தகுதித் தேர்வில் தேறிவிட்டு நிரந்தர வேலைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தலைமுறை, அந்தத் தொகைக்கும் வரிசையில் நின்றது. அவர்கள் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

நான்காவது பாராட்டு பெற்றோருக்கும் ஊர்க்காரர்களுக்கும்.

கீரமங்கலம் பக்கத்தில் கல்விச்சீர் என்று ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. தாய்மாமன் சீர் போவதுபோல மேளதாளத்தோடு, தாம்பூலத் தட்டும் பழத்தட்டும் முன்னே போக, பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடிநீர்க் குடம், சுவர்க் கடிகாரம், நோட்டு, பென்சில் என்று தலையிலும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு ஊரே பள்ளிக்கு ஊர்வலம் போகும். ஆசிரியர்கள் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்பார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்ட ஊர்கள் இவை. கடனைக் கட்ட முடியாமல் தவித்த வீடுகளும் பள்ளிக்குச் சீர் கொண்டுபோனதுண்டு. பச்சலூர் அரசு நடுநிலைப் பள்ளியைப் போய்ப் பாருங்கள். ஊர்க்காரர்களும் நன்கொடையாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்தால் ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் குளிரூட்டிய வகுப்பறை வரைக்கும் வரும் என்று அது காட்டிவிட்டது.

ஆடி மாதம் வந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்து நடக்கும். போட்ட மொய்யை நோட்டில் பெயரோடு எழுதிவைப்பார்கள். வாங்கியவர் அடுத்தவர் விருந்துக்குப் போய்க் கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிப் போட வேண்டும். போடாவிட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. கல்விச்சீரும் ஒரு மொய்தான். ஊர் பள்ளிக்குப் போட்டிருக்கிறது. பள்ளியை நடத்தக் கடமைப்பட்டவர்கள் திருப்பிப் போட வேண்டிய மொய் பாக்கி நிற்கிறது. ஊர்க்காரர்கள் இன்னும் நோட்டைத் திறந்து காட்டிக் கேட்கவில்லை. அது அவர்களின் பெருந்தன்மை.

ஐந்தாவது பாராட்டு அரசுகளுக்கு.

மாநில அரசு செய்ததில் நல்லதை நல்லது என்றே சொல்வேன். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு கிடைக்கிறது. அம்மா பூப்பறிக்கப் போன வீட்டுப் பிள்ளை வெறும் வயிற்றோடு உட்காருவதில்லை. பாடநூல்கள் இந்தியாவின் நல்ல பாடநூல்களோடு வைத்து எண்ணத்தக்கவை. பருவத்துக்குத் தனித்தனிப் புத்தகம் என்றானபின் புத்தகப் பையின் கனம் குறைந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று திட்டமிட்டுத் திரையும் கொடுத்தார்கள். பள்ளிக்குத் திரை ஒன்று. வகுப்பு ஐந்து. திரை தானாகப் பாடம் நடத்தாது. அதன் முன்னால் நிற்க ஒருவர் வேண்டும். அவர் மூன்று வகுப்பில் நின்றுகொண்டிருக்கிறார்.

2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அமைப்பைத் தொடங்கி, முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்று அழைத்தார்கள். கீரமங்கலம் பக்கத்து ஊர்களுக்கு அந்த அழைப்பு தேவைப்படவில்லை. அவர்கள் அதற்கு முன்பே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மத்திய அரசையும் விட்டுவிடக் கூடாது. தொடக்கக் கல்விக்கென்றே 2004-இல் வரிக்கு மேல் 2 விழுக்காடு கூடுதல் வரி போட்டார்கள். 2018 முதல் சுகாதாரத்துக்கும் கல்விக்கும் சேர்த்து 4 விழுக்காடு. வரி வசூலில் ஓர் ஆண்டும் தவறியதில்லை. அதே நேரத்தில், பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்குத் தர வேண்டிய சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். தேசத்தின் வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-இல் சொன்னது. அதன்பின் வந்த கல்விக் கொள்கைகள் மூன்றும் அந்த 6 விழுக்காட்டை மறக்காமல் எழுதின. அந்த அளவை இன்னும் எட்டவில்லை. எழுதுவதில் இவ்வளவு உறுதி வேறெங்கும் காண முடியாது.

இதுவரை சொன்ன பாராட்டுகளில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். எட்டு வயதுப் பெண்ணைப் பாராட்டினோம், அவளுக்கென்று ஓர் ஆசிரியர் இல்லாததால். ஆசிரியரைப் பாராட்டினோம், அவர் தனியாளாக மூன்று பேர் வேலை பார்ப்பதால். தன்னார்வலரைப் பாராட்டினோம், கூலி என்று சொல்ல முடியாத தொகைக்கு உழைப்பதால். ஊரைப் பாராட்டினோம், வரியும் கட்டிவிட்டு மின்விசிறியும் வாங்கிக் கொடுப்பதால். பாராட்டு ஒவ்வொன்றும் வேறொருவர் செய்யாமல் விட்ட வேலையின் அளவைச் சொல்கிறது.

கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடி உயரச் சிவன் சிலையும் எதிரே நக்கீரர் சிலையும் இருக்கின்றன. எதிரே நிற்பவர் இறைவனே ஆனாலும் குற்றத்தைக் குற்றம் என்று சொன்ன புலவரை ஊரின் பெயரோடு சேர்த்துக் கொண்டாடுகிறவர்கள் நாம். அந்த ஊரில் இருந்துகொண்டு இதை மட்டும் சொல்லாமல் விடக் கூடாது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பது குற்றம். சட்டத்தின் அட்டவணையில் இருந்தாலும் குற்றம்தான்.

‘பிள்ளைகளே இல்லையே, எதற்கு ஐந்து ஆசிரியர்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று காலையில் சாலையில் நின்று பார்க்கட்டும். மஞ்சள் வேன்களில் போகிறார்கள். பூ விற்ற காசிலும் தேங்காய் விற்ற காசிலும் கட்டணம் கட்டி அனுப்பும் பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ‘அங்க வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்காங்க.’ ஆசிரியர் குறைவு என்று பிள்ளையை எடுக்கிறார்கள். பிள்ளை குறைவு என்று ஆசிரியரை எடுக்கிறார்கள். தலையை எண்ணி ஆசிரியர் கொடுக்கும் வரை இந்தச் சுழற்சி நிற்காது. பத்துப் பிள்ளை படித்தாலும் மூன்றாம் வகுப்பு மூன்றாம் வகுப்புதான். அதற்கென்று பாடநூல் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, ஆசிரியர் மட்டும் இல்லை.

இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு ஆற்றல் குறைவா? 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது, கீரமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒரே ஆண்டில் பல மாணவிகள் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். கதவு திறந்த உடனே உள்ளே நுழையத் தயாராக இருந்தார்கள். அதைக் காட்டி, ‘குறைந்த வசதியிலும் சாதிக்கிறார்களே’ என்று மேடையில் மெச்சிவிட்டு இறங்குவது போதாது. அரும்பிலும் மொட்டிலும் ஆசிரியர் இன்றி விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் கதவு வரை வராமலே நின்றுபோனார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. எண்ணிக்கை எதுவானாலும் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர், அவர்களுக்கு மேல் ஒரு தலைமையாசிரியர், பதிவேட்டு வேலைக்குத் தனியாக ஓர் ஆள். கல்வி உரிமைச் சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் கொடுக்க மாநில அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. அட்டவணையை மாற்ற வேண்டிய பொறுப்பு மத்திய அரசுக்கு உண்டு.

பெற்றோரே, ஊர்ப் பெரியவர்களே, அடுத்த முறை சீர்த்தட்டோடு பள்ளிக்குப் போகும்போது தட்டில் ஒரு கோரிக்கை மனுவையும் வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடும்போதெல்லாம் ‘எங்கள் பள்ளிக்கு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்’ என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மின்விசிறியும் பீரோவும் நீங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். ஆசிரியரை அரசுதான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை கேளுங்கள்.